உளி நின்ற இடம்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வால் கடற்கரையில் உள்ள சிற்றூர் செயின்ட் ஐவ்ஸ். அதன் குறுகலான தெருக்களுக்கு நடுவே, உயர்ந்த மதிலுக்குப் பின்னால் இருக்கின்றன சிற்பி பார்பரா ஹெப்வொர்த்தின் பட்டறையும் தோட்டமும். 1949இல் வாங்கிய அந்த இடத்தில்தான், 1975இல் தீ விபத்தில் இறக்கும்வரை அவர் வேலை செய்தார். அவரது விருப்பப்படி மறு ஆண்டே குடும்பத்தார் அதை அருங்காட்சியகமாகத் திறந்தனர்; 1980 முதல் டேட் கலை அருங்காட்சியக நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஒரே ஒருவருக்காக ஓர் அருங்காட்சியகம் தேவையா என்று கேட்கலாம். சிற்பி என்றால் தேவைதான். ஓவியத்தைக் கழற்றி வேறு சுவரில் மாட்டினால் பெரிய நஷ்டமில்லை. சிற்பத்துக்கோ வெளிச்சம் விழும் திசை, சுற்றிவர இடம், பின்னணி எல்லாமே முக்கியம். இந்தத் தோட்டத்தில் அவற்றைச் சிற்பியே தீர்மானித்திருக்கிறார். 1966இல் அவர் செய்த ‘ஃபோர்-ஸ்கொயர் (வாக் த்ரூ)’ நான்கு மீட்டருக்கும் அதிக உயரம். வட்டத் துளையிட்ட நான்கு வெண்கலப் பலகைகளின் அடுக்கு. பெயருக்கேற்ப அதனுள் நடந்து போகலாம். ஓரடி நகர்ந்தால் போதும், துளைக்குள் இருந்த இலை மறைந்து வானம் வந்துவிடும். வெள்ளைச் சுவர் சூழ்ந்த கூடத்தில் அதே துளைக்குள் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

இப்படி இடத்தையே அருங்காட்சியகமாக்கினால் கலைஞரின் வீடு கோயிலாகி, அவர் தொட்டதெல்லாம் புனிதப் பொருளாகிவிடாதா? அந்த அபாயம் உண்டு. ஆனால் பட்டறைக்குள் இருப்பவை உளிகளும் சுத்தியல்களும் செதுக்கி முடிக்காத கற்களும். களிமண்ணில் மாதிரி செய்து, கல்லில் வெட்டும் வேலையைத் தொழிலாளரிடம் விடுவது ஐரோப்பாவில் நெடுநாள் வழக்கம். அதை மறுத்து, நேரடியாகக் கல்லில் செதுக்கிய தலைமுறையைச் சேர்ந்தவர் ஹெப்வொர்த். பின்னாளில் பெரிய பணிகள் வந்தபோது அவரும் உதவியாளர்களை வைத்துக்கொண்டார். அவற்றுக்கு இடம் வேண்டி 1961இல் எதிரே இருந்த நடனக் கூடத்தையும் வாங்கினார். முடிந்த சிற்பம் இந்த உழைப்பை மறைத்துவிடும்; பாதியில் நிற்கும் கல் காட்டிக்கொடுத்துவிடும். தனிமேதை என்ற கட்டுக்கதையைக் கலைக்க இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இன்னோர் ஆட்சேபம் வலுவானது: ஒருவரை மட்டும் பார்த்தால் ஒப்பிட முடியாது. லீட்ஸ் கலைப்பள்ளியில் உடன்படித்த சிற்பி ஹென்றி மூரும் ஹெப்வொர்த்தைப் போலவே சிற்பத்தைத் துளைத்தவர். அந்த உறவை விளங்கிக்கொள்ளப் பெரிய அருங்காட்சியகங்கள்தான் வேண்டும். ஆனால் ஒரு சிற்பி கல்லிலிருந்து வெண்கலத்துக்கு மாறும்போது எது மாறியது, எது மாறவில்லை என்ற ஒப்பீட்டுக்குப் பட்டறையும் தோட்டமும் அருகருகே வேண்டும். பெரிய கூடங்கள் சிற்பத்தைப் பின்னாளிலும் விலைகொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ஒருமுறை காலிசெய்த பட்டறையை எந்த விலைக்கும் வாங்க முடியாது. ஆகவே, ஒரு சிற்பி மறைந்தால் சிற்பங்களைக் கணக்கெடுக்கும் முன்பே பட்டறையைப் பூட்டி வைப்பது நல்லது.