ஒளியும் ஆடியும் நிறமும்

திருப்பூருக்குத் தெற்கே அமைந்த அவிநாசிபாளையம், பின்னலாடைத் தொழிலோடு பிணைந்த வட்டாரத்தைச் சேர்ந்தது. இவ்வட்டாரத்தில் நிறம் வணிக ஒப்பந்தத்தின் ஒரு கூறாகும். இசைவு பெற்ற மாதிரித் துணியிலிருந்து சாயமேற்றிய துணி சற்றே வேறுபட்டாலும், அது மறுசாயத்திற்குத் திரும்பக்கூடும்.

பகலொளியில் ஒன்றுபோல் தோன்றும் இரு துணிகள் கடை விளக்கின்கீழ் வெவ்வேறாகத் தோன்றுவதுண்டு. இதனை மெட்டமெரிசம் என்பர். வெவ்வேறு சாயக்கலவைகள் ஒளி அலைகளை வெவ்வேறு அளவில் எதிரொளிப்பதே இதற்குக் காரணம். ஆகவேதான் சாம்பல்நிற உட்சுவர் கொண்ட ஒளிப்பெட்டியில் துணியை வைத்துப் பார்க்கின்றனர். 6500 கெல்வின் பகலொளிக்கு ஈடான டி65 விளக்கும், ஐரோப்பியக் கடையொளிக்கு ஈடான 4000 கெல்வின் டி.எல்.84 விளக்கும் அதில் மாறிமாறி எரியும்.

துணியைச் சோதிக்க இத்துணை கவனம் காட்டப்படுகிறது. அத்துணியை அணிந்து பார்க்கும் அறைக்கு எல்.இ.டி. கண்ணாடி வாங்குவோரோ பெரும்பாலும் வடிவத்தையும் விலையையுமே பார்க்கின்றனர். கண்ணாடி தன்மேல் விழுவதையே திருப்பித் தரும். பிழை விளக்கில் இருந்தால் அது உருவத்திலும் தெரியும்.

வெள்ளை எல்.இ.டி. பெரும்பாலும் நீல ஒளி உமிழியின்மீது மஞ்சள் ஒளிர்பொருள் பூசி ஆக்கப்படுவது. அந்நீல உமிழியைக் கண்டறிந்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகியோர் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். மலிவான வகைகளில் செந்நிற அலைகள் குறைவு. அதனால் குங்குமச் சிவப்பு மங்கும், முகமும் வெளிறும். விளக்கு நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதைச் சி.ஆர்.ஐ. என்னும் குறியெண் உணர்த்தும். அதன் உச்சம் 100. ஆடைக்கும் ஒப்பனைக்கும் 90க்கு மேற்பட்டது நன்று. இக்குறியெண் எட்டு மென்னிறங்களின் சராசரி மட்டுமே. அடர்சிவப்புக்குரிய ஆர்9 என்னும் மதிப்பு அதில் சேராது. அதனையும் தனியே கேட்டறிதல் வேண்டும்.

வெள்ளைப் பனியனின் நிலை இன்னும் வியப்பானது. அதன் பளிச்சிடும் வெண்மைக்குக் காரணமான ஒளிர்வூட்டிகள் புறஊதாக் கதிரை ஏற்று நீலமாக ஒளிர்பவை. வழக்கமான எல்.இ.டி. ஒளியில் புறஊதாக் கதிர் இல்லையென்றே கூறலாம். எனவே வெயிலில் பளிச்சிட்ட அதே பனியன் கண்ணாடிமுன் சற்று மங்கலாகத் தோன்றும். துணியில் குறையொன்றும் இல்லை.

ஒளி விழும் திசையும் கருதத்தக்கது. கண்ணாடியின் பின்புறம் ஒளிரும் பட்டை சுவரை அழகுபடுத்துமேயன்றி எதிரே நிற்பவரை ஒளியூட்டாது. உச்சியில் மட்டும் விளக்கிருப்பின் கண்ணுக்குக் கீழ் நிழல் படியும். முக உயரத்தில் இருபுறமும் ஒளி தருவதே ஏற்றது. குளியலறைக்காயின் நீர்த்தெறிப்பைத் தாங்கும் ஐ.பி.44 தரக்குறி தேவை.

கருவி ஏதுமின்றியும் இதனைச் சோதிக்கலாம். ஒரு சிவப்புத் துணியையும் ஒரு வெள்ளைத் துணியையும் கடைக்கு எடுத்துச் சென்று, முதலில் வாசலின் பகலொளியிலும் பின்பு கண்ணாடிமுன்னும் பார்த்தால் போதும்.