ஒட்டுப்பட்டையால் நேரும் தீங்கும் நஷ்டஈடும்

கடும் நோவைத் தணிக்கத் தோலில் ஒட்டப்பெறும் ஃபென்டனில் ஒட்டுப்பட்டை, மார்ஃபினினும் பன்மடங்கு வலிய மருந்து. பெரும்பாலும் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை அது மாற்றப்பெறும். பழையதை நீக்காது புதியதை ஒட்டினும், அளவு மிகினும், மூச்சுத் தளர்ந்து உயிரே போகலாம்.

நாம் கட்டணம் செலுத்திய மருத்துவமனையின் அசட்டையால் ஊரிலுள்ள பெற்றோர்க்கு இத்தீங்கு நேர்ந்தால், தொலைவில் வாழும் நாம் யாது செய்வது? கட்டணம் பெறும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதென உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையிடுபவர் வசிக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் நஷ்டஈடு கோரலாம்.

ஆயினும் தவற்றினை நிலைநாட்டும் பொறுப்பு நம்முடையது. மருத்துவக் குறிப்புகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் அளித்தல் மருத்துவர் கடமை. ஆகவே உடனே அவற்றை எழுதிக் கேட்டுப் பெறுவோம். பட்டையின் உறையையும் எறியாது வைப்போம்.