காட்பாடியில் இறங்கும் வங்காளம்

வைத்தியத்துக்காக எல்லை தாண்டி வருகிறவர்களுக்கு நாம் தரவேண்டியது சிகிச்சை மட்டும்தானா?

ஹவுராவிலிருந்து வரும் ரயில் வேலூரை அடுத்த காட்பாடியில் சில நிமிடங்கள்தான் நிற்கும். அதற்குள் ஒரு குடும்பமே இறங்கியாக வேண்டும். முதலில் பெட்டிகள், பிறகு பொரி மூட்டை, கடைசியாக இருபுறமும் தாங்கிப் பிடித்தபடி நோயாளி. எல்லாவற்றையும் நடைமேடையில் வைப்பார்கள். ஒன்றை மட்டும் வைக்க மாட்டார்கள். எக்ஸ்ரே படங்களும் ஸ்கேன் அறிக்கைகளும் பழைய மருந்துச் சீட்டுகளும் திணித்த ஒரு பை. அதை வீட்டுப் பெண்மணி மார்போடு அணைத்திருப்பார்.

இவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நம் நாட்டவர்கள். அதே ரயிலில், வங்க மொழி பேசிக்கொண்டு, வங்கதேசத்தவர்களும் வருகிறார்கள். டாக்காவிலோ குல்னாவிலோ புறப்பட்டு, பெனாபோல் எல்லையில் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, கொல்கத்தா வந்து, அதற்கப்புறம் சுமார் 1,700 கிலோமீட்டர் ரயிலில் உட்கார்ந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தேடி வருகிறவர்கள்.

இதற்கு அரசாங்கக் கோப்புகளில் 'மருத்துவச் சுற்றுலா' என்று பெயர். காட்பாடி நடைமேடையில் அந்த முகங்களைப் பார்த்தவர்களுக்குச் 'சுற்றுலா' என்ற சொல் நாவில் வராது.

2024-ல் மருத்துவத்துக்காக இந்தியா வந்த வெளிநாட்டவர் 6 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வங்கதேசத்தவர்கள். அந்த நாட்டில் மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மக்களின் சொந்தக் கையிலிருந்தே போகிறது. எப்படியும் நிலத்தை விற்றுத்தான் வைத்தியம் என்றாகிவிட்ட பிறகு, நம்பிக்கை உள்ள இடத்தில் செலவழிப்போம் என்று கிளம்பிவிடுகிறார்கள்.

எதிர்த்திசையில் ஒரு பயணம்

வேலூர் இந்த நம்பிக்கையைச் சம்பாதித்த கதையும் ஒரு கடல் கடந்த பயணத்தில்தான் தொடங்குகிறது. ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த அமெரிக்கப் பெண் ஐடா ஸ்கடர். ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைக் காப்பாற்றும்படி அவரிடம் மன்றாடினார்கள். அவர் மருத்துவர் அல்ல. மருத்துவரான அவருடைய தந்தை ஆண் என்பதால் வீட்டுக்குள் விட அவர்களுக்கு மனம் வரவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய்ப் படித்து, 1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் அவர் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி.

1948-ல் அங்கே, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் மீண்டும் இயங்க வைத்தார் மருத்துவர் பால் பிராண்ட். 1971-ல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, 1986-ல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை. இவ்விரண்டிலும் இந்தியாவின் முன்னோடிகளில் ஒன்று வேலூர். வைத்தியம் கற்க ஒரு பெண் கடல் கடந்து போனார்; இன்று அந்த வைத்தியத்தைத் தேடி மக்கள் எல்லை கடந்து வருகிறார்கள்.

தெருவே கற்ற மொழி

காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் நடந்தால் கடைப் பலகைகளில் வங்க எழுத்துகள் கண்ணில் படும். ஓட்டல்களில் மீன் குழம்பும் சோறும், மளிகைக் கடைகளில் கடுகெண்ணெயும் கிடைக்கும். தமிழ்க் கடைக்காரர்கள் ஆண்களை 'தாதா' என்றும் பெண்களை 'தீதி' என்றும் கூப்பிடுவார்கள். வங்காளியில் அண்ணன், அக்கா.

லாட்ஜுகள் பலவற்றில் சமைத்துக்கொள்ள வசதி உண்டு. அது இல்லாமல் முடியாது. முதல் நாள் டாக்டர் பார்ப்பார், பரிசோதனைகள் எழுதுவார், முடிவு வரச் சில நாள் ஆகும், அதைப் பார்த்துவிட்டு இன்னொரு துறைக்கு அனுப்புவார். ஒரு வாரம் என்று வந்தவர்கள் ஒரு மாதம் தங்குவது சாதாரணம். வாடகை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே இருக்கும். மருத்துவமனைக் கட்டணத்தைக் கணக்குப் போட்டு வருகிறவர்களின் கையைக் கடிப்பது பெரும்பாலும் இந்தக் காத்திருப்புதான்.

கடைத்தெருவில் ஓடும் மொழி டாக்டர் அறையில் போதாது. வலியைச் சொல்ல நமக்கே எத்தனை சொற்கள்: குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு. ஒவ்வொன்றும் வேறு நோயைக் காட்டும். வங்காளியிலும் அப்படித்தான். அதை அரைகுறை இந்தியில் மகன் சொல்லும்போது எல்லாம் 'வலி' என்ற ஒரே சொல்லாகிவிடுகிறது. இதைவிடச் சிக்கலான இன்னொன்று உண்டு. டாக்டர் 'புற்றுநோய்' என்று சொன்னால், பிள்ளை அதை அம்மாவுக்குச் சொல்லாமல் விழுங்கிவிடலாம். பாசம்தான் காரணம். ஆனால் தன் உடம்பைப் பற்றிய முடிவில் அந்த அம்மாவுக்கு இடமே இல்லாமல் போகிறது. குடும்பத்தைச் சேராத, பயிற்சி பெற்ற ஒரு மொழிபெயர்ப்பாளர் அந்த அறையில் இருப்பது சலுகை அல்ல. சிகிச்சையின் ஒரு பகுதி.

காகிதங்கள்

மருத்துவ விசாவில் வரும் நோயாளியுடன் இரண்டு பேர் துணையாக வரலாம். அவர்களுக்குத் தனி விசா. தங்கும் விடுதி 24 மணி நேரத்துக்குள் இவர்கள் எல்லாரையும் பதிவு செய்ய வேண்டும். உறுப்பு மாற்று என்றால் 1994-ம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கும். நிற்கத்தான் வேண்டும். வெளிநாட்டுக் குடும்பத்துக்குள்ளேயே ஒருவர் மற்றவருக்குச் சிறுநீரகம் கொடுத்தாலும், உறவை ஆவணங்களோடு நிரூபித்து அங்கீகாரக் குழுவின் அனுமதி வாங்கியாக வேண்டும். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளில் முதல் உரிமை இந்நாட்டு நோயாளிகளுக்கே. ஏழையின் உடம்பு சரக்காகிவிடக் கூடாது என்பதற்கான வேலி இது.

சட்டம் எட்டாத இடத்தில் தரகர்கள் இருக்கிறார்கள். 'நான் அழைத்துப் போகிறேன்' என்று வரும் எல்லாரும் கெட்டவர்கள் அல்ல. ஆனால் எந்த மருத்துவமனை கமிஷன் தருகிறதோ அங்கே நோயாளியைத் திருப்பிவிடுகிறவர்கள் நாடெங்கும் உண்டு. செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். அதில் எது சேராது என்பதையும் எழுதி வாங்குங்கள். வரும் நோயாளிகளுக்கு முதலில் சொல்ல வேண்டிய புத்திமதி இதுதான்.

காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் சில சமயம் வழியே மூடிக்கொள்ளும். 2024 ஜூலையில் கொல்கத்தா–டாக்கா ரயில் நின்றது. ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி மாறியதும் இந்திய விசா வழங்குவது வெகுவாகக் குறைந்தது. அடுத்த மார்ச்சில் வங்கதேச நோயாளிகளின் முதல் குழு சீனாவின் குன்மிங் நகருக்குப் போனது. விடுதிகளுக்கும் கடைகளுக்கும் நட்டம் என்றே நாம் பேசினோம். பாதிக் கீமோதெரபியில் நின்றுபோனவர்களின் நட்டம் எந்தக் கணக்கிலும் ஏறாது. எல்லைகள் மூடும்போதும் நோயாளிக்கு ஒரு கதவு திறந்திருக்க வேண்டும் என்று கேட்பது அரசியல் அல்ல, மனிதநேயம்.

ஊர் போய்ச் சேரும் வரை

சிலர் திரும்புவதே இல்லை. தூர தேசத்தில் ஓர் இறப்பு என்றால், துக்கத்துக்கு நடுவே இறப்புச் சான்றிதழ், உடலைப் பதப்படுத்திய சான்று, காவல்துறையின் தடையில்லாச் சான்று, தூதரக அனுமதி என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டும். அந்த நேரத்தில் கூட நடந்து வர மருத்துவமனையிலிருந்து ஒரு ஆள் இருந்தால், அதைவிடப் பெரிய உபசாரம் இல்லை.

குணமாகித் திரும்புகிறவர்களுக்கும் பாதி வைத்தியம் ஊரில்தான் நடக்கிறது. தையல் பிரிக்க வேண்டும். மருந்தின் அளவை மாற்ற வேண்டும். இங்கே எழுதிக் கொடுத்த வணிகப் பெயரில் அந்த மாத்திரை அங்கே கிடைக்காமல் போகலாம். மருந்தின் பொதுப்பெயரை எழுதிக் கொடுத்தால் போதும், உள்ளூர் மருந்துக்கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். உள்ளூர் டாக்டருக்கு ஒரு கடிதம் வேண்டும். மறுபரிசோதனைக்கு மறுபடி விசா வாங்காமல் தொலைபேசியிலேயே ஆலோசனை கேட்க வழி வேண்டும்.

இவை எதற்கும் கோடிகள் தேவையில்லை. காட்பாடியில் திரும்பும் ரயிலுக்காக அந்தக் குடும்பம் காத்திருக்கும்போது, மார்போடு அணைத்த அந்தப் பையில் கடைசியாக ஒரு தாள் சேர்ந்திருக்கும். அதன் அடியில் ஒரு தொலைபேசி எண் எழுதியிருக்க வேண்டும். குல்னாவில் நடு இரவில் காய்ச்சல் ஏறும்போது அந்த எண்ணை அழைத்தால், வேலூரில் யாராவது எடுக்க வேண்டும்.