தெளித்துவிட்டுக் கூட்டு

ஹெர்னிங்கில் எங்கள் பின்வளவில் ஐந்து கோழிகள் நிற்கின்றன. ஆப்பிள் மரக் கொப்பில், குளிர்காலத்தில் குருவிகளுக்குத் தீனி போடும் மரப்பெட்டி ஒன்று தொங்குகிறது. பனி விழத் தொடங்கினால் கொழுப்பு உருண்டையும் சூரியகாந்தி விதையும் வைக்காத டேனிஷ் வீடு எங்கள் தெருவில் குறைவு. முப்பது வருசத்தில் அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. மார்ச் பிறந்ததும் பெட்டியைக் கழற்றிக் கராஜுக்குள் கொண்டுபோய், காய்ந்த எச்சத்தைத் தும்புத்தடியால் தட்டிக் கொட்டுவேன். வெளியே குளிர்காற்று அறையும் என்று கதவையும் சாத்திக்கொள்வேன்.

2024 மார்ச்சில் அப்படித் தட்டிக்கொண்டு நின்றபோது மகள் போன் எடுத்தாள். அவள் தாதி.

“என்னப்பா சத்தம்?”

சொன்னேன்.

“ஐயோ, காய்ஞ்சபடி தட்டாதேங்கோ. எல்லாத்தையும் அப்பிடியே வைச்சிட்டு வெளியில வாங்கோ.”

அந்த வாரம்தான் உலக சுகாதார அமைப்பின் அறிவிப்பு வந்திருந்தது. 2023 கடைசியிலிருந்து 2024 ஜனவரி நடுப்பகுதி வரை டென்மார்க்கில் 23 பேருக்கு ‘கிளமிடியா சித்தாசி’ என்ற பாக்டீரியா தொற்றியிருந்தது. 17 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு நிமோனியா. நான்கு பேர் இறந்துபோனார்கள். வழக்கமாக இங்கே கூண்டுப் பறவை வளர்ப்பவர்களுக்கு வரும் நோய் இது. அந்தக் குளிர்காலத்திலோ பெரும்பாலானோருக்கு வெளிப் பறவைகளோடுதான் தொடர்பு. அதுவும் அதிகம் தீனிப் பெட்டி வழியாக.

கிளமிடியா என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். பாலுறவால் பரவுவது இதன் உறவுக்காரக் கிருமி, இது வேறு. இதன் இருப்பிடம் பறவை. உயிரணுவுக்குள் புகுந்துதான் பெருகும். ஆனால் வெளியே வந்த பிறகும், விதைபோல இறுகிய வடிவத்தில், காய்ந்த எச்சத்தில் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். எச்சம் தூளாகி எழும்பும்போது நம் மூச்சோடு உள்ளே போகிறது. நன்றாக வெந்த கோழிக்கறியாலும் முட்டையாலும் வருவதில்லை. தூசிதான் வாகனம்.

கோழிப் பண்ணைக்காரரை இது ஏமாற்றும். வான்கோழிக்கும் தாராவுக்கும் பிடித்தால் மூச்சுப்பாதையும் காற்றுப்பைகளும் அழன்று, கண்ணில் பீளை தள்ளி, பச்சையாகக் கழிந்து, முட்டை குறையும். கோழி கொஞ்சம் தாங்கும். கிருமியைச் சுமந்துகொண்டே கொத்தித் திரியும். கோழி இருமினாலும் தும்மினாலும் ராணிக்கெட்டா, மைக்கோபிளாஸ்மாவா, இதுவா என்று பார்வையால் பிரிக்க முடியாது. ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும். நலமாகத் தெரியும் பறவைகூட இடநெருக்கம், பயணம், குளிர் என்று வாடும்போது கிருமியை அதிகமாக வெளியேற்றும்.

டேனிஷ்காரர் பேச்சுவழக்கில் இதைக் கிளி நோய் என்கிறார்கள். 1929-30இல் தென் அமெரிக்கக் கிளிகளோடு கப்பலேறி ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் கலக்கியதால் பரவலாகத் தெரியவந்த பெயர். ஆனால் டேனிஷ் முடியாட்சிக்குள்ளேயே கிளி இல்லாத ஊரில் இது ஆட்களைக் கொன்றிருக்கிறது. வட அட்லாண்டிக்கின் பேரோ தீவுகளில் ‘புல்மார்’ என்ற கடற்பறவையின் குஞ்சுகள் கோடை முடிவில் கொழுத்துப் பறக்கமாட்டாமல் கடலில் மிதக்கும். ஆண்கள் படகில் போய் அள்ளி வருவார்கள். இறகு பிடுங்குவதும் குடல் எடுப்பதும் பெண்கள் வேலை. 1930களில் இலையுதிர்காலம்தோறும் அந்தப் பெண்களுக்கு நிமோனியா வந்தது. நோய்ப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தார். கர்ப்பிணிகள் பாடு இன்னும் மோசம். ராஸ்முசன் என்ற மருத்துவர்தான் 1938இல் அந்தப் பறவையையும் இந்த நோயையும் முடிச்சுப்போட்டுக் காட்டினார். கப்பலிலிருந்து கடலில் எறிந்த நோய்க் கிளிகளைப் புல்மார்கள் தின்றிருக்கலாம் என்று ஒரு ஊகமும் உண்டு.

அன்று இதற்கு மருந்து இல்லை. இன்று டாக்சிசைக்ளின் இருக்கிறது. நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் குணம். சிக்கல் எங்கே என்றால், தூசி உள்ளே போய் 5 முதல் 14 நாளில் காய்ச்சல், மண்டையிடி, உடம்பு நோவு, வறட்டு இருமல் என்று சாதாரணக் காய்ச்சல் வேசத்தில்தான் வரும். நிமோனியா என்று பெனிசிலின் கொடுத்தால் இதற்குக் கேட்காது. டாக்டருக்குச் சந்தேகம் வர ஒரு தகவல் வேண்டும்: பறவை. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

இப்போது பெட்டியைக் கராஜுக்குள் கொண்டுபோவதில்லை. முற்றத்தில் வைத்து, பூவாளியால் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, கையுறையும் முகக்கவசமும் போட்டுச் சுரண்டுகிறேன். கோழிக்கூட்டுக்கும் அதே முறை. ஊரில் அம்மா விடிய எழும்பி, வாளித் தண்ணீரைக் கையால் அள்ளித் தெளித்துவிட்டுத்தான் ஈர்க்குமாற்றைத் தொடுவா. தெளிக்காமல் நான் கூட்டினால், “புழுதியைக் கிளப்பி ஆரைக் கொல்லப்போறாய்?” என்று ஏசுவா. அவவுக்குக் கிருமியின் பெயர் தெரியாது.

போன தை மாதம் எனக்கு இருமல் விடவில்லை. டாக்டர் முன் உட்கார்ந்ததும், நோவைச் சொல்ல முன், “வீட்டில் ஐந்து கோழி நிற்குது” என்றேன். அவர் கணினியிலிருந்து தலையைத் திருப்பி, முதன்முறையாக என்னை முழுதாகப் பார்த்தார். கடைசியில் அது வெறும் தடிமன்.