எந்தப் புட்டிக்கு எந்தச் சீட்டு?

தம்பதிகளே, உங்கள் வீட்டு அலமாரியை இன்றைக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள். பூம்பாறை, மன்னவனூர், பண்ணைக்காடு, தாண்டிக்குடி என்று எந்த ஊரானாலும் சரி, அனேகமாக ஒரே தட்டில் தைலப் புட்டி, பினாயில், சத்து மாத்திரை, உருளைக்கிழங்குக்கு அடித்தது போக மிஞ்சிய மருந்து எல்லாம் கலந்து நிற்கும். "எது எதுன்னு எனக்குத் தெரியும்" என்பார் வீட்டுக்காரர். அவருக்குத் தெரியும். நடை பழகும் பிள்ளைக்குத் தெரியுமா? கரண்டு போன ராத்திரியில் இருமல் மருந்து தேடும் பாட்டிக்குத்தான் தெரியுமா?

ஆகவே புட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள். கையால் எழுதி ஒட்டினாலும் போதும். ஆனால் பெரிய எழுத்தில் அச்சடித்த சீட்டு தூரத்திலிருந்தே தெரியும். கம்ப்யூட்டர் சென்டரில் இதற்கென்றே படிவம் உண்டு. ஏ-4 ஸ்டிக்கர் தாளில் வரிசைக்கு 3 வீதம் 8 வரிசை, ஆக 24 கட்டம் இருப்பது வழக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் பெயர், எச்சரிக்கை, தேதி என்று காலியிடம் விட்டிருக்கும். அதை நிரப்பி அச்சடிக்க வேண்டியதுதான்.

இங்கேதான் கவனம் வேண்டும். அவசரத்தில் முதல் கட்டத்தை நிரப்பி, அதையே 24 கட்டத்துக்கும் போட்டு அடித்துக் கொடுத்துவிடுவார்கள். 24 தைலச் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் கடைக்குப் போகுமுன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து புட்டிகளை எண்ணுங்கள்.

"ஏங்க, பினாயிலுக்கு ஒண்ணு, தைலத்துக்கு ரெண்டு எழுதிக்கோங்க."

"அப்ப மருந்துப் பெட்டிக்கு?"

"அதுக்குப் பெருசா வேணும், தனியா எழுதுங்க."

இப்படிக் கணக்கெடுத்தால் 9 சீட்டு வரும் என்று வையுங்கள். மேலிருந்து 3 வரிசையை மட்டும் நிரப்பி, மீதி 15 கட்டத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். நிரப்பிய கட்டத்தில் மட்டுமே எழுத்து விழும். அடுத்த முறை அதே தாளைக் கொண்டுபோனால், படிவத்தில் முதல் 3 வரிசையைக் காலியாக விட்டு, 4-வது வரிசையிலிருந்து நிரப்பினால் சரியாக இருக்கும்.

ஆனால் ஒரு சங்கடம். லேசர் எந்திரம் சூடு கொடுத்து அச்சடிப்பது. சீட்டு உரித்த தாளை மறுபடி அதில் விட்டால் ஓரம் கிளம்பி உள்ளே ஒட்டிக்கொள்ளக்கூடும். கடைக்காரர் வாங்க மறுத்தால் அவர் மேல் குற்றமில்லை. அதைவிட, மகளிர் குழுவில் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரே தாளை நிரப்பிக்கொள்வது நல்லது. தாளும் வீணாகாது, செலவும் பங்காகும்.

முதலில் வெள்ளைத் தாளில் ஒன்று அடித்து, ஸ்டிக்கர் தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எழுத்து கட்டத்தைவிட்டு நகர்ந்திருந்தால், தாளின் அளவுக்குச் சுருக்காமல் நூறு சதவீத அளவில் அடிக்கச் சொல்லுங்கள். மை தெளிக்கும் எந்திரத்தில் அடித்த எழுத்து நம் மலைப் பனியிலும் ஈரக் கையிலும் கரையக்கூடும். லேசர் எழுத்து தண்ணீருக்குக் கரையாது.

தைலப் புட்டி விஷயம் வேறு. ஒட்டின பசையை எடுக்கவே யூகலிப்டஸ் தைலத்தைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. வழிந்தால் சீட்டும் கையோடு வந்துவிடும். சீட்டின் மேல் கண்ணாடி டேப் சுற்றி, கழுத்தில் நூல் கட்டி இன்னொரு சீட்டும் தொங்கவிடுங்கள். தைலம் நம் வீட்டுச் சாமான்தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். ஒரு தேக்கரண்டி அளவு உள்ளே போனாலே குழந்தை மயங்கி விழலாம், வலிப்பும் வரலாம்.

சீட்டில் வெறுமனே "மருந்து" என்று மட்டும் எழுதாதீர்கள். உடம்புக்குக் கொடுப்பதும் நமக்கு மருந்து, செடிக்கு அடிப்பதும் மருந்து! "தைலம் – குடிக்கக் கூடாது", "பூச்சி மருந்து – விஷம்" என்று முழுசாக எழுதுங்கள். படிக்காதவர்களுக்காக மண்டை ஓட்டுப் படமும் சேர்க்கலாம்.

பூச்சி மருந்தை சோடா பாட்டிலில் ஊற்றிச் சீட்டு ஒட்டிவிட்டால் சரியாகிவிடாது. அது வாங்கின டப்பாவிலேயே இருக்க வேண்டும். 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி டப்பாவில் சாய்சதுரக் குறி ஒன்று உண்டு. அதன் கீழ்ப்பாதி சிவப்பானால் மிகக் கொடிய விஷம். அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சைதானே என்று நினைக்காதீர்கள், அதுவும் வாயில் படக்கூடாததே. வேறு புட்டிக்கு மாற்றினால் இந்தக் குறி போய்விடும். பெட்டியில் வைத்துப் பூட்டி, பெரிய சீட்டைப் பெட்டி மேல் ஒட்டுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு 180 நாளுக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரை சிவப்பாக, மிட்டாய் போல இருக்கும். தாய்க்கு அமுதம். சின்னப் பிள்ளை நாலைந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பெட்டிக்கும் ஒரு சீட்டு வேண்டும்.

கருத்தடைக்கு சாயா மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிழமையை அச்சடித்துக்கொள்ளலாம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு நாள், பிறகு வாரத்துக்கு ஒரு நாள். மாதவிலக்கு வந்த முதல் நாள் புதன்கிழமையானால், முதல் மூன்று மாதம் "புதன், சனி" என்று ஒரு சீட்டு, அப்புறம் "புதன்" என்று இன்னொன்று. இரண்டையும் ஒரே தாளில் அடித்து, இரண்டாவதை உரிக்காமல் வைத்திருங்கள். மறதிக்காரருக்கு வீட்டுக்காரர் நினைவூட்டினால் ஒன்றும் குறைந்துபோகாது.

இவ்வளவுக்கும் பிறகு பிள்ளை எதையாவது குடித்துவிட்டால், வாயில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீரும் கொடுக்க வேண்டாம். தோலில் பட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, துணியை மாற்றுங்கள். உடனே 108-க்குக் கூப்பிடுங்கள். மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் அரசு மருத்துவமனை 30 கிலோமீட்டருக்கு மேல், வளைவும் அதிகம். எனவே ஒரு நிமிஷமும் தாமதிக்க வேண்டாம். அந்தப் புட்டியையும் சீட்டோடு எடுத்துப் போங்கள். பிள்ளை குடித்தது என்ன என்று டாக்டர் கேட்கிற முதல் கேள்விக்கு அதுவே பதில் சொல்லும்.