தராசு இல்லாம எடை போடுறது எப்படி?

போன எபிசோடுல ஹிக்ஸ் துகளோட நிறையைச் சொன்னேன். அதை எப்படி அளந்தாங்கன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க.

ஜெனீவா பக்கத்துல இருக்கற செர்ன் ஆய்வகத்துல, புரோட்டான்களை மோத விடும்போது ஹிக்ஸ் உருவாகும், உடனே சிதைஞ்சிடும். ஆயிரத்துல சுமார் ரெண்டு தடவை அது ரெண்டு ஃபோட்டானா மாறும். அந்த ரெண்டோட ஆற்றலையும் நடுவுல இருக்கற கோணத்தையும் வச்சு, தாய்த்துகளோட நிறையைக் கணக்குப் போட்டுடலாம்.

ஆனா, வேற வழியில வர்ற ஃபோட்டான் ஜோடிகள்தான் அதிகம். அதனால எல்லா ஜோடிக்கும் கணக்குப் போட்டு, ஒரே வரைபடத்துல சேர்க்கறாங்க. 2012-ல 125 ஜிஇவி பக்கத்துல ஒரு மேடு தெரிஞ்சது. அதாவது, புரோட்டான் நிறையைப் போல சுமார் 133 மடங்கு. அதுதான் ஹிக்ஸ்.

2015-ல 750 ஜிஇவி பக்கத்துலயும் ஒரு மேடு! புதுத் துகளா இருக்கலாம்னு நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. நானும் நம்பினேன். 2016-ல கூடுதல் தரவு வந்ததும் மேடு காணாமப் போயிடுச்சு.

மேடு தெரிஞ்சா மட்டும் போதாது. தரவு சேரச் சேர அது வளரணும்.