வெயிலில் பூக்கும் செடிகள்

பங்குனி மாதம். பகல் பன்னிரண்டு மணி. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது கொழிஞ்சாம்பாறை. தமிழ்நாட்டு எல்லை பக்கத்தில்தான். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. ஒரு குடம் தண்ணீர் எடுப்பதே பெரிய வேலை.

இந்த வெயிலில் வாசலில் பூச்செடி வளர்க்க முடியுமா?

முடியும். ஆனால் வெயிலோடு சண்டை போடக் கூடாது. வெயிலுக்கு ஏற்ற செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கைராசி காரணமா?

இடுக்கி மாவட்டத்து மூணாறுக்குப் போகிறவர்கள் அங்கே பூக்களைப் பார்த்து மயங்கிப் போவார்கள். டேலியா உள்ளங்கை அகலத்துக்குப் பூத்திருக்கும். ஆசையாகத் தொட்டியோடு வாங்கி வருவார்கள். சித்தூர்ப் பக்கம் கொண்டுவந்து வைத்தால் சில நாளில் இலை கருகிவிடும். தண்ணீர் ஊற்றினாலும் தேறாது. "எனக்குக் கைராசி இல்லை" என்று வருத்தப்படுவார்கள்.

கைராசி காரணம் அல்ல. இடம்தான் காரணம்.

மூணாறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1000 மீட்டர் மேலே ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டைக்குப் பேருந்தில் இறங்கி வாருங்கள். முதலில் தேயிலைத் தோட்டம் வரும். பிறகு மறையூரில் சந்தன மரமும் கரும்பும் வரும். அதற்கும் கீழே சின்னார். அது மழை மறைவுப் பகுதி. அங்கே முள்மரமும் கள்ளியும்தான். இத்தனைக்கும் மூன்று ஊரும் இடுக்கி மாவட்டத்தில்தான் இருக்கின்றன. இடம் மாறினால் செடியும் மாறுகிறது.

பாலக்காடு சமவெளி. மேற்குத் தொடர்ச்சி மலையில் இங்கே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இடைவெளி இருக்கிறது. அதைப் பாலக்காட்டுக் கணவாய் என்கிறோம். கிழக்கிலிருந்து வறண்ட காற்று அதன் வழியாக வீசுகிறது. 2016 ஏப்ரலில் மலம்புழாவில் வெப்பம் 41.9 டிகிரி வரை போனது.

செடி எப்படி வெயிலைத் தாங்குகிறது?

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது? பானையின் நுண்ணிய துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாகிறது. அதனால் பானை குளிர்கிறது. செடியும் இப்படித்தான். இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாக நீர் ஆவியாகி இலையைக் குளிர வைக்கிறது.

வேர் கொடுக்கும் நீரைவிட இலை இழக்கும் நீர் அதிகமானால் செடி வாடும். வெயில் நாட்டுச் செடிகள் நீரைச் சிக்கனமாகச் செலவு செய்கின்றன. சில செடிகள் நீரைச் சேமித்தும் வைக்கின்றன.

எந்தச் செடியை வைக்கலாம்?

*பத்துமணிப்பூ:* காலை வெயில் ஏறியதும் விரியும். அதனால்தான் இந்தப் பெயர். டேபிள் ரோஸ் என்றும் சொல்வார்கள். இதன் இலை தடிப்பாக இருக்கும். அதில் நீரைச் சேமித்து வைக்கும். ஒரு துண்டுத் தண்டை ஒடித்து நட்டால் போதும். உடைந்த மண்சட்டியிலும் வளரும்.

*காகிதப்பூ:* நிறமாகத் தெரிவது பூ அல்ல. அது இலைதான். உள்ளே வெள்ளையாகச் சிறியதாக இருப்பதே பூ. இதற்கு நல்ல வெயில் வேண்டும். தண்ணீர் அதிகமானால் இலைதான் பெருகும், பூ குறையும்.

*இட்லிப்பூ:* கேரளத்தில் தெச்சி என்பார்கள். கோயிலுக்கும் உதவும். வேர் பிடித்தபின் வெயிலைத் தாங்கும்.

*நித்தியகல்யாணி:* சுவர் இடுக்கிலும் முளைக்கும். இதன் இலையிலிருந்து எடுக்கும் மருந்து ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. அதற்காக வீட்டில் கஷாயம் வைத்துக் குடிக்கக் கூடாது. அது ஆபத்து.

*குண்டுமல்லி:* பங்குனி முதல் ஆனி வரை இதற்குப் பூக்காலம். கார்த்திகை மாதத்திலேயே இதற்கு வேலை தொடங்கிவிடும். தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரம் விட்டு மேலே உள்ள கிளைகளை வெட்ட வேண்டும். செடிக்கு ஒரு கூடை தொழுவுரம் போட வேண்டும். அப்போது புதுக்கிளை வரும். புதுக்கிளையில்தான் பூ வரும். வெட்ட மனம் வராதவர்களுக்குப் பூ குறைவாகவே கிடைக்கும்.

அரளியில் கவனம்

அரளியும் வெயிலை நன்றாகத் தாங்கும். ஆடு மாடு கடிக்காது என்று வேலி ஓரத்தில் வைப்பார்கள். ஆனால் அரளியின் பூ, இலை, தண்டு, வேர் எல்லாமே விஷம். அது இதயத்தைத் தாக்கும். மஞ்சள் அரளியின் கொட்டையும் கொடிய விஷம்.

2024-இல் கேரளத்தில் ஓர் இளம்பெண் இறந்தார். அரளி இலையைத் தெரியாமல் வாயில் போட்டதால் இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அந்த ஆண்டு மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் போர்டு ஒரு முடிவு எடுத்தது. நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்க்க வேண்டாம் என்பதே அந்த முடிவு. துளசி, தெச்சி போன்றவை போதும் என்றார்கள்.

சிறு குழந்தை இருக்கும் வீட்டில் அரளி வேண்டாம். ஏற்கெனவே இருந்தால், வெட்டிய கிளையை ஆடு மாடு தின்னும் இடத்தில் போடக் கூடாது. அடுப்பிலும் எரிக்கக் கூடாது. அதன் புகையும் கெடுதல். கிளையைத் தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். யாராவது வாயில் போட்டுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அந்தச் செடியின் கிளை ஒன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டருக்கு அது உதவும்.

குறைந்த தண்ணீரில் வளர்க்கும் முறை

மத்தியானம் செடி வாடி நிற்கும். பார்த்ததும் தண்ணீர் ஊற்ற ஓடாதீர்கள். சாயங்காலம் வரை பொறுங்கள். தானாக நிமிர்ந்தால் வேரில் ஈரம் இருக்கிறது என்று பொருள். சாயங்காலமும் நிமிராவிட்டால் தண்ணீர் தேவை.

தண்ணீரை அதிகாலையில் ஊற்றுங்கள். இல்லையென்றால் பொழுது சாய்ந்தபின் ஊற்றுங்கள். இலைமேல் தெளிக்காமல் வேரில் ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஆழமாக நனைப்பது நல்லது. அப்போதுதான் வேர் கீழே இறங்கும். சிறிய தொட்டி சீக்கிரம் காயும். அதற்கு மட்டும் தினமும் ஊற்றலாம்.

சித்தூர்ப் பக்கம் பல இடங்களில் கரிசல் மண். கோடையில் அது வெடிக்கும். வெடிப்பு வழியாக ஈரம் போய்விடும். செடியைச் சுற்றி மூடாக்கு போடுங்கள். தென்னை ஓலை, தேங்காய் மட்டை, காய்ந்த சருகு எதுவும் ஆகும். தண்டை ஒட்டி மட்டும் போட வேண்டாம்.

அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் செடிக்கு நல்லது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்குவைப் பரப்பும் கொசு அதில் முட்டையிடும்.

நடுவதற்கு எது நல்ல நேரம்?

கடும் கோடையில் புதிய செடி நட்டால் வேர் பிடிப்பது கடினம். மழை தொடங்கியபின் நடுங்கள். அடுத்த கோடை வருவதற்குள் வேர் ஆழமாகப் போயிருக்கும். பத்துமணிப்பூவை மட்டும் கோடையிலும் நடலாம்.

இன்று ஒரு வேலை செய்யுங்கள். மத்தியானம் உங்கள் வாசலில் நின்று பாருங்கள். வெயில் எங்கே விழுகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். செடி நட்ட நாளை வீட்டுக் காலண்டரில் எழுதுங்கள். முதல் பூ பூத்த நாளையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு எந்தச் செடி வேண்டும் என்று அந்தக் காலண்டரே உங்களுக்குச் சொல்லும்.